ஒரு போன், இருபத்தெட்டுப் பிள்ளைகள்: வாசிப்பு வகுப்பில் தொழில்நுட்பத்தைப் பழக்கும் வழி

ஸ்மார்ட் போர்டு வந்திறங்கிய முதல் வாரத்தில் பல வகுப்புகளில் நடப்பது இதுதான். பாட்டு ஓடும், பிள்ளைகள் கூடவே பாடுவார்கள், திரையின் அடியில் வரிகளும் ஓடும். வகுப்பு கலகலவென்று இருக்கும். பாட்டை நிறுத்திவிட்டு, அதே வரியின் நடுவிலுள்ள ஒரு சொல்லை மட்டும் காட்டி வாசிக்கச் சொன்னால் பலர் விழிப்பார்கள். காது பாடம் படித்துவிட்டது, கண் படிக்கவில்லை.

எனவே எந்தச் செயலியை, எந்த வீடியோவைக் கையில் எடுத்தாலும் முதலில் இதைப் பாருங்கள்: அது ஓடும்போது பிள்ளையின் கண் எழுத்தின் மேல் இருக்கிறதா? இல்லையென்றால் அதைப் பாட்டுப் பீரியடுக்கு வைத்துக்கொள்ளலாம், வாசிப்புப் பீரியடுக்கு வேண்டாம்.

கீழே சொல்வதெல்லாம் 2, 3ஆம் வகுப்புத் தமிழ் வாசிப்புக்கானது. கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன், வாய்த்தால் ஒரு புரொஜெக்டர், வந்து போகும் நெட். இவ்வளவுதான் கணக்கு.

முதல் மாதம்: ஒலிப்பதிவு மட்டும்

புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்கள் செயலியில் தொடங்குகிறார்கள். போனிலேயே இருக்கும் ரெக்கார்டரில் தொடங்குவதுதான் சரி. அதற்கு நெட் வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம், விளம்பரம் வராது. எந்தப் பிள்ளை எங்கே தடுக்கிறது என்று காட்டுவதும் அதுதான். அது தெரியாமல் செயலி வாங்கிப் பயனில்லை.

பிள்ளைகள் பார்த்திராத, 20 முதல் 60 சொல் வரையுள்ள ஒரு பத்தியை எடுங்கள். பாடப் புத்தகத்தில் நடத்தி முடித்த பாடம் கூடாது. பாதி மனப்பாடமாக வரும். பெரிய எழுத்தில் இரண்டு பிரதி அச்செடுங்கள், ஒன்று பிள்ளைக்கு, ஒன்று உங்களுக்கு. வராந்தாவின் ஓரமோ மரத்தடியோ நல்லது. வகுப்பறையில்தான் முடியும் என்றால் அந்த நேரத்துக்கு மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சல் பதிவில் நாம் நினைப்பதைவிட அதிகமாகக் கேட்கும். போனை மேசையில் வைக்காமல் ஒரு புத்தகத்தின் மேல் வைத்து, மைக் பக்கம் பிள்ளையைப் பார்த்திருக்கும்படி ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். மேசையில் கை பட்டால் எழும் இடி அப்போது பதிவாகாது.

ஒரு நிமிடம் வாசிக்கட்டும். தடுக்கினால் மூன்று விநாடி பொறுத்து, பிறகு சொல்லைச் சொல்லிக் கொடுத்து மேலே போகச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள்.

28 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும், வந்து உட்கார்ந்து எழுந்து போக இன்னொரு நிமிடம் பிடிக்கும். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் முழுப் பீரியடும் போய்விடும். நாளுக்கு ஏழு பேர், நான்கு நாள். மாதத்துக்கு ஒரு சுற்று போதும். ஒரு நிமிடப் பதிவு ஏறக்குறைய 1 எம்பி வரும்; பத்து மாதத்துக்கு 280 எம்பி, எந்தப் போனிலும் இடம் இருக்கும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பிள்ளையின் பெயரைப் போடாமல் வருகைப் பதிவேட்டு எண்ணைப் போடுங்கள்: "07 ஆகஸ்ட்". 7 என்று போடாமல் 07 என்று போட்டால் எந்தப் போனிலும் வரிசை மாறாது.

பதிவைக் கேட்டுக் குறிப்பது எப்படி

பள்ளி முடிந்த பிறகு பதிவைப் போட்டு, உங்கள் பிரதியில் குறியுங்கள். விட்டுப்போன சொல்லுக்கு வட்டம். தப்பாக வாசித்த சொல்லின் மேல், பிள்ளை என்ன வாசித்ததோ அதை அப்படியே எழுதுங்கள். தானே திருத்திக்கொண்டால் "தி". நீங்கள் சொல்லிக் கொடுத்தால் "ஆ". "தப்பு" என்று வெறும் பெருக்கல் குறி போட்டுவிட்டால் பதிவு செய்ததே வீண்; என்ன வாசித்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு பத்தியை வைத்துப் பார்க்கலாம்:

"மழை நின்றது. குளத்தில் தண்ணீர் நிறைந்தது. கொக்கு ஒன்று கரையில் நின்றது. அது ஒற்றைக் காலில் அசையாமல் நின்றது. தவளை தலையை நீட்டியது. கொக்கைக் கண்டதும் குதித்து ஒளிந்தது."

21 சொல். ஒரு பிள்ளை இதில் "தண்ணீர்" என்பதைத் "தண்ணி" என்றும், "நிறைந்தது" என்பதை "நின்றது" என்றும், "கொக்கு" என்பதைக் "கெக்கு" என்றும், "கொக்கைக்" என்பதைக் "கெக்கைக்" என்றும் வாசிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் நான்கு தப்பு. உண்மையில் மூன்று வேறு வேறு சங்கதி.

"தண்ணி" வீட்டுப் பேச்சு. பிள்ளைக்குச் சொல் புரிந்திருக்கிறது, கடைசி எழுத்தைப் பார்க்கவில்லை. "பழம்" என்பதைப் "பளம்" என்பதும் பெரும்பாலும் ஊர்ப்பேச்சுதான். அதை வாசிப்புத் தப்பாக எண்ண வேண்டாம். "நிறைந்தது" "நின்றது" ஆனது ஊகம்: முதல் எழுத்தைப் பார்த்து, முந்தின வாக்கியத்தில் வந்த சொல்லைப் போட்டுவிட்டது. மூன்றாவதுதான் எழுத்துச் சிக்கல். ஒற்றைக்கொம்பைப் பார்த்த கண், எழுத்துக்குப் பின்னால் நிற்கும் துணைக்காலைப் பார்க்கவில்லை. இரண்டு இடத்திலும் அதே தப்பு வந்திருப்பதால் இது தற்செயல் இல்லை. தமிழில் கொ, கோ, கௌ வரிசைகளில் குறிகள் எழுத்தின் இரு பக்கமும் நிற்பதால் இது மிகச் சாதாரணமாக வரும். துணைக்காலை "ர" என்று வாசிப்பது இதன் இன்னொரு முகம்.

நூறு சொல்லில் ஐந்துக்குக் குறைவான தப்பு என்றால் அந்தப் பத்தி பிள்ளைக்கு எளிது. ஐந்திலிருந்து பத்து வரை என்றால் உங்கள் துணையோடு வாசிக்கத் தக்கது. பத்துக்கு மேல் போனால் பத்தி கடினம், பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எழுதப் படிக்கவும் கணக்கிடவும் அடிப்படைத் திறன் வளர்க்க ஒன்றிய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் 2ஆம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், 3ஆம் வகுப்பு முடிவில் குறைந்தது 60 சொல் என்று இலக்கு வைத்திருக்கிறது. தமிழில் "மழை வந்தது" இரண்டு சொல், ஆறு எழுத்து. "வந்துகொண்டிருந்தான்" ஒரே சொல், பத்து எழுத்து. பத்திக்குப் பத்தி எண்ணிக்கை எகிறிக் குதிக்கும். ஆகவே பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ஏறக்குறைய ஒரே கடினமுள்ள பத்திகளில், அதே பிள்ளையின் ஜூலைப் பதிவையும் அக்டோபர் பதிவையும் ஒப்பிடுங்கள்.

இரண்டாம் மாதம்: உங்கள் குரல்

வாங்கிய ஒலிப்புத்தகத்தைவிட டீச்சரின் குரல் பிள்ளைகளுக்கு எளிதாகப் பிடிபடும். ஒரு சிறு கதையை மூன்று முறை பதிவு செய்து மூன்று கோப்பாக வையுங்கள். முதலாவதில் தொடர் தொடராக நிறுத்தி வாசியுங்கள்: "கொக்கு ஒன்று" (இடைவெளி) "கரையில் நின்றது" (இடைவெளி). அந்த இடைவெளி எவ்வளவு நீளம்? நீங்கள் வாசித்த தொடரை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்க்கும் நேரம். பிள்ளைகள் திருப்பிச் சொல்ல அதுதான் பிடிக்கும். இரண்டாவது நிறுத்தாமல் மெதுவாக. மூன்றாவது இயல்பான வேகத்தில், ஏற்ற இறக்கத்தோடு. ஒரே பதிவை எடுத்துவிட்டு பிளேயரில் வேகத்தைக் குறைத்தால் போதாதா என்றால், போதாது. 0.75க்குக் கீழே போனால் குரல் இழுபடும், ஒற்றெழுத்துகள் மங்கும். "பத்து", "பாட்டு" போன்ற சொற்களில் அழுத்தம் தெளிவாகக் கேட்காவிட்டால் பயிற்சிக்குப் பொருளில்லை.

கேட்கும்போது ஒவ்வொருவர் கையிலும் அச்சுப் பிரதி இருக்க வேண்டும், விரல் சொல்லுக்கு அடியில் நகர வேண்டும். விரலை எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து மறையும். விரல் நகராத பிள்ளையைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

ஏழு பேருக்கு ஒரு போன் என்றால் சின்ன ஸ்பீக்கர் போதும். புளூடூத் ஸ்பீக்கரில் வீடியோ ஓட்டினால் சத்தம் சற்றே பிந்தி வரலாம், திரையில் நிறம் மாறும் சொல்லும் கேட்கும் சொல்லும் ஒட்டாது. கண்ணுக்கும் காதுக்கும் முடிச்சுப் போடுவதுதான் வேலை என்கிறபோது இது சின்னக் கோளாறு இல்லை. கம்பி போட்ட ஸ்பீக்கரைப் பயன்படுத்துங்கள். புதிய போன்களில் பழைய வட்டத் துளை இருக்காது, டைப் சி மாற்றி ஒன்று வாங்க வேண்டிவரும். ஹெட்போன் மாட்ட, ஒரு துளையை ஐந்தாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மலிவாகக் கிடைக்கும். எல்லாரும் செருகியதும் எல்லாருக்கும் சத்தம் குறையும். இரண்டு பேருக்கு மேல் அதை நம்பாதீர்கள்.

திரையில் எழுத்து

ஒலிக்கும் சொல்லே திரையில் நிறம் மாறும் முறை நம் நாட்டில் புதிதில்லை. திரைப்பாடலுக்கு அதே மொழியில் வரி போட்டு வாசிப்பை வளர்க்கலாம் என்று ஆய்வாளர் பிரிஜ் கோத்தாரி 1996இல் முன்வைத்தார். 1999இல் குஜராத்தித் தொலைக்காட்சிப் பாடல் நிகழ்ச்சியில் அது நடைமுறைக்கு வந்தது. அதையே வகுப்பில் நீங்கள் ஸ்லைடில் செய்யலாம்.

ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யுங்கள். அந்த ஸ்லைடை எத்தனை தொடர் இருக்கிறதோ அத்தனை பிரதி எடுங்கள். முதல் பிரதியில் முதல் தொடருக்கு மட்டும் நிறம், இரண்டாவதில் இரண்டாவது தொடருக்கு. அனிமேஷன் எதுவும் வேண்டாம். நீங்கள் வாசித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினால் நிறம் நகரும், வேகம் உங்கள் கையில் இருக்கும். பின்னணி வெள்ளையோ மங்கிய மஞ்சளோ, எழுத்து கறுப்பு, நிறமூட்டிய தொடர் அடர்நீலம் அல்லது அடர்சிவப்பு. வெயில் வரும் வகுப்பறையில் பச்சையும் மஞ்சளும் திரையில் காணாமல் போகும்.

இங்கே தமிழுக்கே உரிய மூன்று இடறல்கள் உண்டு.

முதலாவது எழுத்துரு. பழைய கோப்புகள் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றி ஒன்றில், எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடாக மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா எழுத்துருவில் வையுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்க வாசித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கலாம். அலங்கார எழுத்துருக்கள் அழைப்பிதழுக்கு அழகு. எழுத்துப் பழகும் பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தில் பார்த்த வடிவத்துக்கு நெருங்கியதே வேண்டும்.

இரண்டாவது, குறிக்கு மட்டும் நிறம் போடும் ஆசை. "கொ"வில் துணைக்காலை மட்டும் சிவப்பாக்கப் பார்த்தால் பல மென்பொருள்களில் எழுத்து உடைந்துபோகும், அல்லது குறியின் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் முளைக்கும். காரணம் எளிது: யுனிகோடில் "கொ" என்பது ககரமும் ஒரு குறியும் சேர்ந்தது, கண்ணுக்கு இரண்டு துண்டாகத் தெரியும் கொம்பும் காலும் கணினிக்கு ஒரே குறி. முழு எழுத்துக்கும் நிறம் போடுங்கள். காலை மட்டும் காட்ட வேண்டுமென்றால் ஸ்மார்ட் போர்டின் பேனாவால் வட்டமிடுங்கள், அல்லது பழையபடி சுண்ணாம்புக்கட்டியை எடுங்கள்.

மூன்றாவது வரி முறிவு. தமிழ்ச் சொல் நீளமானது, எழுத்தைப் பெரிதாக்கினால் வரி கண்ட இடத்தில் மடங்கும். தொடர் முடியும் இடத்தில் நீங்களே என்டர் தட்டி வரியை முறியுங்கள். இரு பக்கமும் சமமாக்கும் பொத்தானைத் தொடாதீர்கள், சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். வரிக்கு நான்கு சொல், ஸ்லைடுக்கு மூன்று வரி, எழுத்தளவு 44 புள்ளிக்குக் குறையாமல். பிறகு கடைசி வரிசையில், பிள்ளை உட்காரும் உயரத்தில் உட்கார்ந்து பாருங்கள். நின்று பார்த்தால் முன்வரிசைத் தலைகள் மறைப்பது உங்களுக்குத் தெரியாது.

காது படிக்கிறதா, கண் படிக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி: மூன்றாம் நாள் அதே வாக்கியங்களின் வரிசையை மாற்றி, சத்தமில்லாமல் காட்டுங்கள். பழைய வரிசையிலேயே ஒப்பிப்பவர்கள் உடனே அகப்படுவார்கள்.

வாசிக்கக் கதை எங்கே

சிறுவர் நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளில் இருக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால், எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டு இறக்கலாம், அச்செடுக்கலாம், வாக்கியத்தைச் சுருக்கவும் செய்யலாம். மொழிபெயர்ப்புக் கதைகளில் சில, முதல் நிலை என்று போட்டிருந்தாலும் நீளச் சொற்களோடு இருக்கும். நிலை எண்ணை நம்பாமல் வாசித்துப் பார்த்து எடுங்கள். தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற வரிசை நூல்கள் பள்ளியில் இருந்தால் அவற்றுக்கு உங்கள் குரல்பதிவைச் சேர்ப்பதே போதும், திரை தேவையில்லை. பாடநூலின் க்யூஆர் குறியீடுகளை முந்தின நாளே தட்டிப் பார்த்து, வேண்டியதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நின்றுகொண்டு சுற்றும் வட்டத்தைப் பார்ப்பதில் போகும் ஐந்து நிமிடம் திரும்பி வராது.

பிள்ளைகள் சொல்ல, போன் எழுத

குரல் தட்டச்சு வாசிப்பு வகுப்பில் உண்மையாகவே பயன்படும் இடம் ஒன்று உண்டு. ஒரு பிள்ளை தன் வீட்டுச் செய்தியைச் சொல்லட்டும்: "எங்க வீட்டு ஆடு நேத்து குட்டி போட்டுச்சு." போனின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைத் தேர்ந்து மைக்கைத் தட்டினால் போன் எழுதும். சில சொல்லைப் பேச்சுவடிவிலேயே போடும், சிலதை எழுத்து வழக்குக்கு மாற்றும், முற்றுப்புள்ளி பெரும்பாலும் வராது. அந்தக் குழப்பமே பாடம். திரையில் மேல்வரியாகப் பிள்ளை சொன்னதைத் திருத்தி வையுங்கள், கீழ்வரியாக "எங்கள் வீட்டு ஆடு நேற்று குட்டி போட்டது." இரண்டையும் வாசிக்கச் சொல்லி, எந்தெந்தச் சொல் மாறியது என்று கேளுங்கள். "தண்ணீர்" என்று எழுதியிருப்பதைத் "தண்ணி" என்று வாசிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. தான் சொன்ன சொல் என்பதால் அந்த வரியை வாசிக்க ஆசையும் இருக்கும்.

ஆனால் இதே வசதியைத் தேர்வாளராக்காதீர்கள். பிள்ளை "குலத்தில்" என்று வாசித்தாலும் போன் "குளத்தில்" என்று எழுதிவிடும், பக்கத்துச் சொற்களைப் பார்த்து ஊகிப்பதுதான் அதன் வேலை. சரியாக வாசித்த பிள்ளைக்குத் தப்புச் சொல் எழுதிக் காட்டுவதும் நடக்கும்.

கூகுள் 2019இல் போலோ என்ற பெயரில் கொண்டுவந்து, பிறகு ரீட் அலாங் என்று பெயர் மாற்றியது போன்ற, வாசிப்பதைக் காதில் வாங்கி நட்சத்திரம் தரும் செயலிகளுக்கும் இது பொருந்தும். தனியாக உட்கார்ந்து பழகும் பிள்ளைக்கு அவை நல்ல துணை. சத்தமான வகுப்பின் நடுவில் தடுமாறும். இன்னொரு தந்திரத்தையும் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடிப்பார்கள்: சொல்லைத் தொட்டால் செயலியே சொல்லிவிடும், அதைத் திருப்பிச் சொன்னால் நட்சத்திரம். பக்கத்துக்கு மூன்று முறைதான் தொடலாம் என்று விதி வையுங்கள். தொட்ட சொல்லை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பட்டியல் மறுநாள் உங்களுக்குப் பாடக்குறிப்பு.

போனைப் பிள்ளை கையில் கொடுக்கும்முன் ஏரோப்ளேன் மோடில் போட்டு, செட்டிங்ஸின் செக்யூரிட்டி பகுதியில், ஒரே செயலியில் போனைப் பூட்டும் ஆப் பின்னிங்கை இயக்கி, வெளியேறக் கடவு எண் கேட்கும்படி வைத்து, அந்தச் செயலியைப் பின் செய்யுங்கள். கடவு எண் தெரியாமல் செயலியை விட்டு வெளியே போக முடியாது, நடுவில் உங்களுக்கு அழைப்பும் வராது.

நாற்பது நிமிடத்தில் எப்படி ஓட்டுவது

நான்கு குழு, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று தாளில் போட்டால் அழகாக வரும். நடைமுறையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று நிமிடம் போகும், ஒரு குழுவும் எதையும் முடிக்காது. ஐந்து நிமிடம் எல்லாரும் சேர்ந்து திரையில் வாசிப்பு, பிறகு பதினைந்து நிமிடமாக இரண்டு சுற்று, கடைசி ஐந்து நிமிடம் சோதனை. முதல் சுற்றில் ஒரு குழு உங்களோடு, ஒரு குழு குரல்பதிவோடு, மற்ற இரண்டும் இருவர் இருவராக வாசிப்பு. இரண்டாம் சுற்றில் உங்கள் குழுவும் பதிவுக் குழுவும் இடம் மாறட்டும், இருவர் வாசிப்பில் இருப்பவர்கள் நோட்டை எடுத்து எழுதட்டும். மறுநாள் மற்ற இரண்டு குழு. அரும்பு, மொட்டு, மலர் என்று தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் பிரித்த நிலையிலேயே குழு அமைத்தால் உங்களுக்கு எளிது, ஆனால் மாதப் பதிவைக் கேட்டு ஆளை மாற்றிக்கொண்டே இருங்கள். மின்சாரம் போனால் அச்சுப் பிரதி இருக்கிறது. அது இல்லாமல் திரைக்காக மட்டும் பாடம் தயாரிக்கவே வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது

பிள்ளைகளின் பதிவுகளை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தடுக்கித் தடுக்கி வாசிப்பதை ஊரே கேட்கும். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. பெற்றோர் கூட்டத்தில் எதற்காகப் பதிவு செய்கிறீர்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி வையுங்கள், ஆண்டு முடிந்ததும் அழித்துவிடுங்கள். குழுவில் போட வேண்டியது உங்கள் குரல்பதிவும் கதைப் பக்கத்தின் படமும். இரண்டையும் சேர்த்து வீடியோவாக்க வேண்டாம், தனித்தனியாக அனுப்புங்கள்: டேட்டா குறையும், படத்தை விரலால் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். அம்மாவோ அப்பாவோ வேலை முடிந்து போனோடு வீடு திரும்ப ஏழு மணியாகும் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கு அந்தப் பக்கத்தை அச்சிலும் கொடுத்தனுப்புங்கள்.